மலை ரயில் பாதையில் கல் விழுந்தால் யுனெஸ்கோ வருமா?

கேங்மேன் மகன் (குன்னூர்), செவ்வாய் இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மனசில் கிடக்கிற ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன்.

போன ஐப்பசி அடைமழையில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் பாறை உருண்டு தண்டவாளத்தில் உட்கார்ந்துகொண்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து வண்டி இல்லை. மழைக்காலத்தில் இது எங்களுக்குப் பழகிப்போன விஷயம்தான். அன்றைக்கு டீக்கடையில் பக்கத்தில் நின்றவர், "உலகப் பாரம்பரியச் சின்னம்னு போர்டு வச்சிருக்காங்களே, யுனெஸ்கோகாரங்க வந்து கல்லை எடுக்கட்டும்" என்றார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் அப்பா அந்தப் பாதையில் கேங்மேன். மழை ராத்திரியில் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, ஒரு கையில் விளக்கும் இன்னொரு கையில் கடப்பாரையுமாகக் கிளம்பிப் போவார். காலையில் திரும்பி வந்ததும் அம்மா முதலில் கால்விரல் இடுக்கைத்தான் பார்ப்பாள், அட்டை ஒட்டியிருக்கிறதா என்று. அவர் வேலை பார்த்த காலத்தில் எந்தப் பட்டியலும் கிடையாது. அவர் ஓய்வு பெற்ற பிறகுதான், 2005இல் நம் நீலகிரி மலை ரயிலை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். டார்ஜிலிங் ரயில் 1999லேயே பட்டியலில் இருந்தது. 2008இல் கால்கா-சிம்லாவும் வந்தது. மூன்றும் இப்போது ‘இந்திய மலை ரயில்கள்’ என்று ஒரே பெயரில் இருக்கின்றன.

இதனால் அந்தப் பாதைக்கு உண்மையில் என்ன வந்தது? பணமா, ஆளா, சட்டமா? போர்டு மட்டும்தானா? குறை சொல்லக் கேட்கவில்லை. அந்தப் பாதைதான் எங்களுக்குச் சோறு போட்டது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கோத்தகிரி டீச்சர், செவ்வாய் இரவு 10.25

நல்ல கேள்வி. என் வகுப்புப் பிள்ளைகளும் இதையேதான் கேட்கிறார்கள்.

கல்லை எடுக்க யுனெஸ்கோ வராது. வரக்கூடாது என்றுதான் நான் சொல்வேன். உலகப் பாரம்பரிய உடன்படிக்கை 1972 நவம்பரில் பாரிஸில் ஏற்கப்பட்டது, இந்தியா 1977இல் சேர்ந்தது. அதன் 4ஆம் பிரிவு, ஓர் இடத்தைக் காக்கும் கடமை முதலில் அந்த நாட்டுக்குத்தான் என்கிறது. 6ஆம் பிரிவில்தான் மற்ற நாடுகள் வருகின்றன: இடம் எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டின் இறையாண்மைக்கு உட்பட்டது, ஆனாலும் அதைக் காப்பதில் ஒத்துழைப்பது எல்லா நாடுகளின் கடமை. ஆக, வீடு நம்முடையது, பொறுப்பும் நம்முடையது. ஊர் வந்து விசாரிக்கலாம், கை கொடுக்கலாம். வீட்டைப் பெருக்க ஊர் வராது.

பணம் என்றால் ஒரு நிதி இருக்கிறது. உறுப்பு நாடுகள் யுனெஸ்கோவுக்குக் கட்டும் சந்தாவில் ஒரு சதவீதம் வரைக்கும் அதற்குப் போகும். உலகம் முழுவதும் ஆயிரத்துக்கு மேல் இடங்கள் இருக்கும்போது அது எந்த மூலைக்குப் போதும்? நம் மலை ரயிலின் செலவு இந்திய ரயில்வேயின் செலவுதான்.

பிறகு எதற்கு இந்த ஏற்பாடு என்றால், அபு சிம்பலைச் சொல்ல வேண்டும். எகிப்தில் அஸ்வான் உயர் அணை கட்டினால் மூவாயிரம் வருடக் கோவில்கள் நைல் தண்ணீரில் மூழ்கிவிடும் நிலை. எகிப்தும் சூடானும் 1959இல் உதவி கேட்டன. 1964இலிருந்து 1968 வரை அந்தக் கோவிலைத் துண்டு துண்டாக அறுத்து, சுமார் 65 மீட்டர் மேலே தூக்கி வைத்து மறுபடி கட்டினார்கள். இப்படிக் கோவில்களைக் காத்த முழு முயற்சிக்கும் செலவு ஏறக்குறைய 8 கோடி டாலர். அதில் பாதியை ஐம்பது நாடுகள் வரை சேர்ந்து கொடுத்தன. அணை வருவதற்குள், மூழ்கப்போகும் நூபியாப் பகுதியில் அகழாய்வு செய்ய நம் தொல்லியல் துறையும் ஆட்களை அனுப்பியது. சுதந்திரம் வாங்கிப் பதினைந்து வருடம்கூட ஆகாத நாடு, சாப்பாட்டுக்கே தட்டுப்பாடு, அப்போதும் அடுத்தவன் கோவிலுக்கு ஆள் அனுப்பியிருக்கிறோம். இதைப் பாடத்தில் சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைக்கும். அந்த அனுபவத்தில் பிறந்ததுதான் 1972 உடன்படிக்கை.


பழைய ஃபிட்டர், புதன் காலை 6.10

தம்பி, உன் அப்பா மாதிரி ஆட்கள்தான் கல்லை எடுத்தார்கள், இனியும் எடுப்பார்கள். நான் ஷெட்டில் முப்பது வருடம் இருந்தவன். டீச்சர் சட்டம் சொன்னார். நான் இரும்பைச் சொல்கிறேன்.

மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரைக்கும் வண்டி சாதாரணமாகப் போகும். கல்லாறு தாண்டியதும் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் பல் வைத்த பட்டை ஆரம்பிக்கும். ஒரு பட்டை இல்லை, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் வரும்படி தள்ளித் தள்ளி வைத்திருப்பார்கள். எஞ்சின் அடியில் இருக்கும் பினியன் என்ற பல்சக்கரம் இதைக் கவ்விக்கொண்டுதான் ஏற வேண்டும். இரண்டு பட்டையும் ஒரே நேரத்தில் விட்டுப்போகாது, அதுதான் அதில் இருக்கிற புத்தி. ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் எஞ்சினியர் கண்டுபிடித்தது. பட்டை தொடங்கும் இடத்தில் முதல் துண்டு மட்டும் ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கும். பல்லும் பல்லும் நேராக இடித்துக்கொண்டால் அது கொஞ்சம் அமுங்கி இடம் கொடுக்கும். டிரைவர் அங்கே வேகத்தைக் குறைத்து, காதை வைத்துக்கொண்டு போவார். ‘கடக்’ என்று ஒரு சத்தம். அது சரியாக விழுந்துவிட்டால் முகம் தெளிந்துவிடும்.

பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி ஏற்றம். எஞ்சின் இழுக்காது, கீழே இருந்து தள்ளும். அதனால் டிரைவருக்கு முன்னால் இருக்கும் பாதை தெரியாது. ஒவ்வொரு பெட்டியின் முன்னாலும் பிரேக்ஸ்மேன் நின்று கொடி காட்ட வேண்டும். மழையில் பனியில் அப்படியே நிற்க வேண்டும்.

சிலிண்டர் நாலு. கீழ் இரண்டும் சக்கரத்துக்கு. அதில் வேலை செய்து முடித்த ஆவி வீணாகாமல் மேல் இரண்டுக்கும் போய் பினியனைச் சுற்றும். இந்த எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தில் வின்டர்தூர் ஊரில் செய்து 1914இலிருந்து 1952 வரை வந்தவை. உதிரிப் பாகம் கேட்டால் அனுப்ப அந்தக் கம்பெனி பழையபடி இல்லை. அப்புறம் என்ன செய்தோம்? தேய்ந்த பாகத்தையே அளவெடுத்து, திருச்சி பொன்மலைப் பணிமனையில் வார்த்தோம், கடைந்தோம். பிற்பாடு பொன்மலைக்காரர்கள் முழு எஞ்சினையே புதிதாகச் செய்து அனுப்பினார்கள். இன்றைக்கு நீ பார்க்கிற சில எஞ்சின் சுவிஸ் பிறப்பு இல்லை, பொன்மலைப் பிறப்பு.

பட்டியலால் என்ன வந்தது என்று கேட்டாய். இந்தப் பல்லும் ஆவியும்தான் பட்டியலில் சேர்த்ததற்குக் காரணம். அதை எடுத்துவிட்டால் பட்டியலில் இருக்க நியாயம் இல்லை. ஒரு ஷெட் ஆளுக்கு அந்த உத்தரவாதம் பெரிசு தம்பி. நம்ம வேலை நாளைக்கும் வேண்டியிருக்கும் என்று தெரிந்தால்தான் சின்னப் பையனுக்குக் கற்றுக்கொடுக்க மனசு வரும்.


ஹட்டிக்காரன், புதன் மதியம் 1.15

ஃபிட்டர் ஐயா சொன்னதைப் படித்துச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் எங்கள் ஹட்டியில் (படுகர் ஊர்) ‘யுனெஸ்கோ’ என்றால் பெரியவர்கள் முகம் மாறுகிறது. காரணம் இருக்கிறது.

1986இல் நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் வந்தது. இந்தியாவின் முதல் காப்பகம், மூன்று மாநிலம், 5,520 சதுர கிலோமீட்டர். 2000இல் யுனெஸ்கோ அதைத் தன் வலைப்பின்னலில் சேர்த்தது. 2012இல் மேற்குத் தொடர்ச்சி மலையில் 39 இடங்கள் உலகப் பாரம்பரியம் ஆயின, அதில் நம் முக்குருத்தியும் ஒன்று. இதில் எந்த ஒன்றுக்காவது எங்கள் ஊருக்கு யாராவது வந்து, "இப்படி ஒன்று செய்யப்போகிறோம், உங்களுக்கு என்ன தோன்றுகிறது" என்று கேட்டார்களா? எனக்குத் தெரிந்து இல்லை. பேப்பரில்தான் படித்தோம். ஒரு மாட்டுக்கொட்டகை போடப் போனால்கூட ஆறு கையெழுத்து கேட்கிற மலையில், வெளிநாட்டில் உட்கார்ந்து எங்கள் மலைக்குப் பெயர் வைத்தால் பயம் வரத்தான் செய்யும். 2012இல் குடகிலும் இதே பயத்தில்தான் மக்கள் எதிர்த்தார்கள், கர்நாடக அரசும் எதிர்த்தது.

காடு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்களைக் கேளுங்கள் என்கிறோம்.


கோத்தகிரி டீச்சர், புதன் மாலை 5.50

உங்கள் கோபம் நியாயமானது. 2012இல் அந்த விண்ணப்பத்தைப் பரிசீலித்த இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியமே அதை இன்னும் சரிசெய்து கொண்டுவரச் சொல்லித் தள்ளிவைக்கும்படிதான் பரிந்துரைத்தது. உள்ளூர் மக்களைக் கலந்து பேசுவதும் அவர்கள் சொன்னவற்றில் ஒன்று. உலகப் பாரம்பரியக் குழு அதை மீறித்தான் சேர்த்தது. ஆக, நீங்கள் ஹட்டியில் சொல்வதை வெளியில் இருந்தவர்களும் சொல்லியிருக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன். உயிர்க்கோளக் காப்பகத்துக்கு என்று தனிச் சட்டம் கிடையாது. உலகப் பாரம்பரியப் பட்டியலும் நம் ஊரில் கொட்டகையைத் தடுக்காது. முக்குருத்தி ஏற்கெனவே தேசியப் பூங்கா, அங்கே இருப்பது நம் 1972 வனவிலங்குச் சட்டம். கட்டட அனுமதிக்கு அலைய வைப்பதெல்லாம் நம் மாநிலத்து விதிகள். கேள்வியைச் சென்னையிடமும் டெல்லியிடமும் கேட்க வேண்டும்.

வெளியில் இருந்து வரும் அழுத்தம் எப்படி வேலை செய்யும் என்பதற்கு ஹம்பி ஒரு பாடம். துங்கபத்திரையைக் கடந்து ஆனேகுந்திக்குப் போகப் பாலம் கட்டத் தொடங்கினார்கள். 1999இல் ஹம்பி ‘ஆபத்தில் உள்ள’ பட்டியலுக்குப் போனது, 2006இல்தான் வெளியே வந்தது. பரிசலில் ஆற்றைக் கடந்துகொண்டிருந்த மக்களுக்குப் பாலம் தேவைதான். அந்தத் தேவையைத் தள்ளிவிட்டு நான் பேசமாட்டேன். அந்தப் பாலம் கடைசியில் 2009இல் கட்டும்போதே இடிந்து விழுந்து ஆட்கள் இறந்தார்கள். பழைய கல்லும் போய், புதுப் பாலமும் போய், உயிரும் போனது. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரம் வேறு வழியில் போனது. பாலம் வேண்டுமென்று மக்களே ஓட்டுப் போட்டார்கள், பாலம் கட்டும் வேலை நடந்தது, 2009இல் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். யாரும் போலீஸ் அனுப்பவில்லை. பெயர்தான் போனது. அந்தப் பெயருக்கு என்ன விலை என்பதை அந்த ஊர்க்காரர்கள்தான் முடிவு செய்தார்கள்.


சோலைப்புல், புதன் இரவு 11.30

நான் முக்குருத்திப் பக்கம் புல்வெளியில் வேலை பார்ப்பவள். ரயிலைப் பற்றித் தெரியாது, புல்லைப் பற்றிக் கொஞ்சம் தெரியும்.

எங்களுக்கு ஆபத்தே வெளிநாட்டிலிருந்து வந்ததுதான். சீகை மரம், அதாவது வாட்டில், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. மஞ்சள் பூப் பூக்கும் ஸ்காட்ச் புரூம் புதர் ஐரோப்பாவிலிருந்து. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு தோல் பதனிடும் பட்டைக்காக நாமே மலை மலையாகச் சீகை நட்டோம். புல்வெளியை ‘தரிசு’ என்று எழுதி வைத்திருந்தார்கள். தரிசு இல்லை அது. சோலையும் புல்லும் சேர்ந்துதான் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து, பைகாராவுக்கும் பவானிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. ஈரோட்டில் மஞ்சளுக்குப் பாயும் தண்ணீரில் இந்தப் புல்லின் பங்கு உண்டு.

சீகையை வெட்டினால் தீராது. வெட்டின கட்டையைச் சுற்றி அடுத்த மழைக்கே பச்சைப் பாய் விரித்த மாதிரி கன்று முளைத்து நிற்கும், ஏனென்றால் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். போன மாசம் நாங்கள் பத்துப் பேர் காலையிலிருந்து கையால் பிடுங்கினோம். மதியம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது பார்த்தால் ஒரு பேட்மிண்டன் கோர்ட் அளவுக்குத்தான் சுத்தமாகியிருந்தது.

இதே மரம் தென்னாப்பிரிக்காவிலும் ஆற்றுத் தண்ணீரைக் குடித்துத் தீர்க்கிறது. அவர்கள் 1995இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். வேலையில்லாத ஏழை மக்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்குக் கூலி கொடுத்து, நீர்ப்பிடிப்புப் பகுதியில் அந்நிய மரங்களை அகற்றுவது. வெட்டிய இடத்துக்கு வருடா வருடம் திரும்பிப் போவதையும் அவர்கள் வேலையாகவே வைத்திருக்கிறார்கள். எனக்கு ஒத்துழைப்பு என்றால் இதுதான் ஞாபகம் வரும். அவர்கள் முப்பது வருடம் பட்ட பாட்டை நாம் முதலிலிருந்து பட வேண்டியதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ஹட்டிக்காரன் அண்ணா சொன்னதோடு இன்னொன்று. தோடர் கோவில் கூரைக்கு வேயும் புல் சதுப்பில்தான் வளரும். அந்தச் சதுப்பை அந்நியப் புதர் மூடிவிட்டால் கூரைக்குப் புல் இல்லை. புல்லுக்கு எவ்வளவு தூரம் அலைகிறார்கள் என்பதை ஒரு மந்தில் (தோடர் குடியிருப்பு) பெரியவர் ஒருவர் கையை நீட்டி நீட்டி எனக்குக் காட்டினார். ரயில் ஒரு பட்டியலில், முக்குருத்தி இன்னொரு பட்டியலில், அந்தக் கூரை எதிலும் இல்லை. அவருக்கு மூன்றும் ஒரே மலை.

ரயிலுக்கும் காட்டுக்குமே தகராறு வந்திருக்கிறது. 2022இல் மலை ரயில் பாதையோரம் கட்டிய தடுப்புச் சுவரால் யானைகள் கடக்க முடியாமல் தவித்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சத்தம் எழுந்த பிறகு சுவரை இடித்தார்கள். பாரம்பரியச் சின்னத்தைக் காக்கக் கட்டிய சுவர் யானையின் பாரம்பரிய வழியை மறித்தது. இதைத் தீர்க்க உள்ளூரில் நடந்து பார்த்தவர்கள் உட்கார்ந்து பேசினால் போதும்.


வின்டர்தூர் தமிழன், வியாழன் அதிகாலை 3.05

வணக்கம். நான் யாழ்ப்பாணம், முப்பது வருடமாக சுவிஸில், அதுவும் வின்டர்தூரில் இருக்கிறேன். ஃபிட்டர் ஐயா எங்கட ஊரின் பெயரை எழுதினதைப் பார்த்துவிட்டு நித்திரை வரவில்லை. நான் தினமும் வேலைக்குப் போகும் வழியில்தான் அந்தப் பழைய தொழிற்சாலைக் கட்டடங்கள் நிற்கின்றன. அங்கே செய்த எஞ்சின் குன்னூரில் ஏறுகிறது என்று இத்தனை வருடமும் எனக்குத் தெரியாது.

ஐயாவுக்கு ஒரு கதை சொல்ல வேணும். இங்கே ஃபூர்க்கா என்று ஒரு மலைக் கணவாய். அதுக்கு மேலால் ஆப்ட் பல்பட்டை போட்ட ரயில் ஓடியது. 1982இல் அடியில் நீண்ட சுரங்கம் திறந்ததும் மேல் பாதையைக் கைவிட்டார்கள். பாதையைக் கழற்றிவிடக் கூடாது என்று சாதாரணச் சனம் கூடிச் சங்கம் வைத்தது. பாதை இருக்கிறது, ஆனால் பழைய எஞ்சின் இல்லை. அவை 1947இலேயே வியட்நாமுக்கு விற்கப்பட்டவை. அங்கே தாப்சாமிலிருந்து டாலாட் மலைக்கு 84 கிலோமீட்டர் பாதை, அதுவும் உங்கட பாதையைப் போல பல்பட்டை போட்டதுதான். யுத்தத்தில் அந்த ரயில் நின்றுபோனது. 1975க்குப் பிறகு தண்டவாளத்தைக் கழற்றி நாட்டின் வடக்கு-தெற்குப் பாதையைத் திருத்தக் கொண்டுபோய்விட்டார்கள். எஞ்சின்கள் காட்டுக்குள் துருப்பிடித்துக் கிடந்தன. 1990இல் இங்கேயிருந்து ஆட்கள் போய், வாங்கி, கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். 1992இல் முதல் துண்டுப் பாதை திறந்தது, 2010இல் முழுப் பாதையும். இன்றைக்கும் தொண்டர்கள்தான் ஓட்டுகிறார்கள். லீவு எடுத்துக்கொண்டு வந்து கிறீஸ் பூசுகிறார்கள். நான் ஒருக்கால் மகளோடு போயிருக்கிறேன்.

சுவிஸ்காரருக்கு இது வெற்றிக் கதை. எனக்கு டாலாட்டை நினைக்கத்தான் மனம் வருந்தும். அந்த மலைச்சனத்தின் ரயில் போயே போய்விட்டது. யுத்தத்தில் சிக்கின நாட்டை நான் குறை சொல்லமாட்டேன், எங்களுக்குத் தெரியும் அது எப்படி என்று. 1981இல் எங்கட நூலகம் எரிந்தபோது, திரும்பப் பிறக்காத சுவடிகள் எரிந்தன. அதனால்தான் சொல்கிறேன், குன்னூரில் இன்னும் ‘கடக்’ சத்தம் கேட்கிறது என்பது சின்ன விஷயமே இல்லை. இங்கே பிறியன்ஸ் என்ற ஊரில் 1892இலிருந்து இதே ஆப்ட் பட்டையில் நீராவி ரயில் ஓடுகிறது. ஃபிட்டர் ஐயா கடைந்தெடுத்த பாகத்தின் அளவு, பிறியன்ஸ் ஷெட்டில் இருக்கிற ஒருவருக்குப் பார்த்த உடனே விளங்கும். பாஷை தேவையில்லை.


பழைய ஃபிட்டர், வியாழன் காலை 6.00

தம்பி வின்டர்தூர், இரண்டு தடவை படித்தேன். நான் பழகிய எஞ்சினில் ஒரு தகடு இருக்கும், உங்கள் ஊர்ப் பெயரும் வருடமும் போட்டது. பித்தளை. தினமும் துடைப்பேன். அந்த ஊரில் ஒரு தமிழன் இருப்பான் என்று நினைத்ததில்லை.

ஒரு சங்கடம் சொல்கிறேன். எங்கள் அளவுகள் எல்லாம் பேப்பரில் இல்லை. என்னிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது, தமிழும் இங்கிலீஷும் கலந்து கிறுக்கினது, பாதி எண்ணெய்க் கறை. பினியன் பல் எவ்வளவு தேய்ந்தால் மாற்ற வேண்டும், மழை நாளில் பட்டைக்குக் கிறீஸ் எப்படி, குளிர்காலத்தில் எங்கே விரிசல் விடும், எல்லாம் அதில். என்னோடு இருந்தவர்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள்.


கோத்தகிரி டீச்சர், வியாழன் காலை 7.20

ஐயா, அந்த நோட்டு எங்கே இருக்கிறது? ஈரம் படாத இடமா? தயவுசெய்து இன்றைக்கே ஒரு துணியில் சுற்றி அலமாரியில் வையுங்கள். நான் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துத் தருகிறேன். என் பிளஸ் டூ பிள்ளைகள் தட்டச்சு செய்வார்கள்.


ஹட்டிக்காரன், வியாழன் காலை 9.45

இங்கேதான் லாங்வுட் சோலை ஞாபகம் வருகிறது. கோத்தகிரி ஊரை ஒட்டினாற்போல் 116 ஹெக்டேர். 2024இல் ராம்சார் ஈரநிலம் ஆனது, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. அந்த அறிவிப்பு வருவதற்கு எத்தனையோ வருடம் முன்பிருந்தே ஊர்க்காரர்களும் வனத்துறையும் சேர்ந்து வேலி பார்த்து, களை பிடுங்கிக் காத்தார்கள், தங்கள் குழாயில் வரும் தண்ணீர் அது என்பதால். அந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது. ஊர் முதலில், பட்டியல் அப்புறம். அப்படி வந்தால் எங்கள் பெரியவர்களும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

கரிக்கையூர் பக்கம் பொறிவரைப் பாறை ஓவியங்களுக்கும் இந்த வரிசையில்தான் ஏதாவது செய்ய வேண்டும். அதன்மேல் வந்தவர் போனவர் பெயர் கிறுக்கியிருப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. பக்கத்து இருளர் ஊர்ப் பையன்களையே காவலுக்கும் வழிகாட்டவும் சம்பளத்தோடு வைத்தால் ஒருவன் ஆணியை எடுக்கமாட்டான்.


கேங்மேன் மகன் (குன்னூர்), வியாழன் இரவு 9.15

வண்டி மறுபடி ஓட ஆரம்பித்த அன்றைக்கு அப்பாவைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் ஸ்டேஷனில் உட்கார வைத்திருந்தேன். இப்போது அவருக்குக் கண் சரியாகத் தெரியாது. வண்டி கீழே வரும்போதே, "பின்னால ரெண்டாவது பெட்டி பிரேக் இழுக்குது" என்றார். உண்மையா என்று எனக்குத் தெரியாது. ஃபிட்டர் ஐயாவிடம் கேட்க வேண்டும்.

ஐயா, ஞாயிறு காலை பத்து மணிக்கு நோட்டோடு எங்கள் வீட்டுக்கு வர முடியுமா? டீச்சரும் வரட்டும். அப்பாவிடம் எந்த வளைவில் எந்தப் பாறை ஆடும் என்ற கணக்கு மனசிலேயே இருக்கிறது. 208 வளைவுக்கும் இல்லாவிட்டாலும், கல்லாறு முதல் குன்னூர் வரை அவர் நடந்த தூரத்துக்கு இருக்கிறது. ஒரு வரைபடத்தில் குறித்துக்கொள்ளலாம். சோலைப்புல் அக்கா, யானை கடக்கும் இடங்களும் அவருக்குத் தெரியும், அதையும் சேர்த்துக் குறிக்கலாம். நீங்களும் வாருங்கள்.

வின்டர்தூர் அண்ணா, பிறியன்ஸ் ஷெட்டில் யாராவது உங்களுக்குப் பழக்கமா? முதல் பத்துப் பக்கம் தயாரானதும் இங்கேயே போடுகிறேன்.


வின்டர்தூர் தமிழன், வெள்ளி அதிகாலை 1.50

பழக்கம் இல்லை. சனிக்கிழமை ரயில் ஏறிப் போய்ப் பழகிக்கொள்கிறேன். ஐயா, அந்தப் பித்தளைத் தகட்டில் என்ன வருடம் போட்டிருந்தது என்று ஞாபகம் இருந்தால் எழுதுங்கோ. அதைச் சொல்லித்தான் கதையைத் தொடங்க வேணும்.